கழுத்தில் நெருப்பு கட்டிய நாய்

அடுத்தவரை நம்ப வைப்பது என் உத்தியோகம். நான் யாரையும் நம்பாமல் இருந்ததால்தான் அதில் இத்தனை வருஷம் தாக்குப் பிடித்தேன்.

இன்சூரன்ஸ் பிடிக்கிறவர்கள், கல்யாணத் தரகர்கள், சொட்டு மருந்துப் பெட்டியோடு வாசல் வாசலாக ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் எனக்குப் பங்காளிகள். நாம் வாயைத் திறந்ததுமே எதிரில் இருப்பவர் கண்ணைச் சுருக்குவாரே, அந்தக் கண்ணை விரிய வைப்பதற்குள் நம் பாதி ஆயுசு போய்விடுகிறது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்களில் நான் சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ரத்தப் புற்றுநோய் வார்டில் இருந்தேன். ஊசி போடுவதில்லை, மாத்திரை தருவதில்லை. டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை நோயாளிக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும். சொன்னதைக் கேட்டுப் பயந்து அவர் ஊருக்கு ஓடிப்போனால் பின்னாலேயே போய்க் கூட்டி வர வேண்டும். கொல்லிமலையில் எனக்குப் பெயர் ‘ஆஸ்பத்திரியம்மா’. ஒரே ஒரு மலைக்காரரை வைத்து நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன். நீங்கள் பட்டது பெரிதா, நான் பட்டது பெரிதா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கோரைக்கிழங்கு

பெரியசாமி கொல்லிமலையில் குண்டூர் நாட்டு விவசாயி. சாமையும் மரவள்ளியும் போட்டு, மரங்களில் மிளகுக்கொடி ஏற்றிவிட்டிருந்தார். நாற்பது வயசு இருக்கும். ரத்தப் புற்று ஒரு தடவை மருந்துக்கு அடங்கி, மறுபடியும் தலைதூக்கிவிட்டது. அப்போது எங்கள் வார்டில் ஒரு புது வைத்தியத்தைச் சிலருக்கு மட்டும் பரீட்சையாகக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மாவின் கண்டிப்பு. சொன்னேன்.

“காட்டுல கோரை மொளைச்சா மேல அறுத்துவிட்டாப் போதுமா?” என்று ஆரம்பித்தேன். “எங்கீங்க போதும், கிழங்கு அடியில கெடக்குதே, ஒரு மழைக்கு மறுக்கா வந்துருமே” என்றார். இந்த நோயும் அப்படித்தான் என்றேன். இதுவரை கொடுத்த மருந்து புல்லை அறுத்தது. எலும்புக்குள் தாய்ச்செல் என்று ஒன்று பதுங்கியிருக்கிறது, அதுதான் கிழங்கு. அதைத் தேடிப் பிடிக்க ஆன்டிபாடி என்று ஒரு புரதம் இருக்கிறது. வேட்டை நாய் மாதிரி, பழக்கின வாசனையைத்தான் தேடிப் போகும். அதன் கழுத்தில் கதிர் வீசுகிற அயோடினைக் கட்டி ரத்தத்தில் விடுகிறோம். அது போய் எங்கே ஒட்டுகிறதோ அங்கே கிழங்கு கருகிவிடும்.

என் முதுகை நானே தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது. டாக்டரம்மாகூடத் தலையை ஆட்டினார். பெரியசாமி மட்டும் விட்டத்தையே பார்த்தபடி கிடந்தார். பன்றி விரட்ட வீட்டில் இரண்டு நாய் வளர்க்கிறவர். அப்புறம் மெதுவாகத் திரும்பிக் கேட்டார்: “ஏனுங்க, கழுத்துல நெருப்போட போற நாயி, பன்னியை உட்டுப்போட்டு எங்கூட்டு ஆட்டைக் கடிச்சா யாருங்க பொறுப்பு?”

வேர் அண்ணனுக்கு, காய் தம்பிக்கு

டாக்டரம்மா அதற்கும் ஒளிக்காமல் பதில் சொன்னார். ஆட்டையும் கடிக்கத்தான் கடிக்கும். நல்ல ரத்தம் ஊறுகிற செல்களும் சேர்ந்தே போய்விடும். அதனால் மருந்து கொடுத்துக் கதிர் தணிந்த கையோடு இன்னொருவருடைய எலும்பு மஜ்ஜையை எடுத்து ஏற்றியாக வேண்டும். கூடப் பிறந்தவருடையது பொருந்தினால் உத்தமம். பெரியசாமிக்கு இருந்தது ஒரே தம்பி, சின்னுசாமி. அடுத்த காடு, அடுத்த வீடு, பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. வரப்பு மேல் ஒரு பலாமரம் நின்றது. வேர் அண்ணன் பக்கம், காய்க்கிற கிளை தம்பி பக்கம். இதற்குமேல் நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆள் அனுப்பினதும் சின்னுசாமி வந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினார். ரத்தம் எடுத்துப் பார்த்தோம், பொருந்திவிட்டது. தருகிறேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. பலாக்காயை விட்டுக்கொடுக்காத மனுஷன் மஜ்ஜையை இவ்வளவு சுளுவாகத் தருகிறார் என்றால் ஏதோ இடிக்கிறதே!

என்னையும் மிஞ்சின சந்தேகக்காரி ஒருத்தி இருந்தாள். பெரியசாமியின் மனைவி பாப்பாத்தி. என்னைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போய், இனிமேல் அவர் உடம்பில் ஊறுவதெல்லாம் தம்பி ரத்தம்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சும்மா இருக்கக் கூடாதா, ரத்த வகையே மாறினாலும் மாறும் என்று அதிகப்பிரசங்கித்தனமாகச் சேர்த்துச் சொன்னேன். பாப்பாத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “அதானே பார்த்தேன்! நாளைக்குக் கொழுந்தனார் வந்து, ‘உள்ள ஓடறது என்னோட ரத்தம், அப்ப மரமும் என்னோடது’ன்னு நின்னா, நீங்க மலையேறி வந்து சாட்சி சொல்லுவீங்களா?”

கடித்துக் காட்டாத மிளகு

அடிவாரத்தில் மிளகு வியாபாரம் செய்கிறவர் ரஹீம் பாய். பெரியசாமியின் மிளகை வருஷா வருஷம் எடுக்கிறவர். மருந்து ஏற்றுவதற்கு முதல் நாள் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு பார்க்க வந்தார். பெரியசாமியைத் தனியாக வைக்கப்போகிற அறையில் அப்போதுதான் கடைசி வேலைகள் நடந்துகொண்டிருந்தன. கதவில் மஞ்சள் பலகை, அதில் மூன்று இதழ் விசிறி மாதிரி ஒரு படம். கட்டிலைச் சுற்றி ஈயத் தடுப்பு. கதிரியக்கப் பாதுகாப்புக்கு வரதன் என்று ஒருவர் இருந்தார், கதிர் பட்டால் டிக் டிக் என்று அடிக்கிற பெட்டியும் கையுமாகவே அலைவார். அவர் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மருந்து ஏறிய பிறகு அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் சும்மா போய் நிற்கக் கூடாது.

பாய் பலகையைப் பார்த்தார், ஈயத்தைத் தட்டிப் பார்த்தார், கோட்டைக் குனிந்து பார்த்தார். மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகின கண். கோடு யாருக்கு என்று விசாரித்தார். எங்களுக்கு, டாக்டருக்கும் சேர்த்துத்தான் என்றேன். பெரியசாமிக்குத் தைரியம் சொல்ல வந்த மனுஷர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “சரிம்மா, குடுக்கிற டாக்டரே கோட்டுக்கு இந்தப் பக்கம். வாங்கிக்கிற ஆளை மட்டும் பயப்படாதேங்கறீங்க. நான் வாயில போட்டுக் கடிச்சுக் காட்டாத மிளகை எவனாச்சும் எங்கிட்ட வாங்குவானா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

இத்தனை சந்தேகத்துக்கும் நடுவில் பெரியசாமி சரி என்றார். மறுநாள் மருந்து ஏறியது. ஈயச் சட்டை போட்ட ஒரு பாட்டில், அதிலிருந்து ஒரு குழாய், பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அன்றிலிருந்து அவர் அறையில் தனி. சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வந்துவிடுவோம். கெட்டிக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்து, ஃபோனில் பேச வேண்டும். அவருக்கு இப்போது வேறொரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. உடம்பில் சுள்ளென்றுகூட இல்லையே, வெறும் தண்ணீரை ஏற்றிவிட்டுக் கதை விடுகிறீர்களா என்றார். வரதன் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினார், அது வெறி பிடித்த மாதிரி அடித்தது. “பெட்டிதானுங்க கத்துது, நான் கத்துலீங்களே” என்றார்.

அடுத்த நாள் காலையில் தம்பியைப் பார்க்க வேண்டும் என்றார். இத்தனை வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், கண்ணாடி வழியாகவாவது ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் வார்டுக்கு ஓடினேன். மஜ்ஜை எடுக்கிறவரை அங்கேயே தங்க வைத்திருந்த சின்னுசாமியின் கட்டில் காலி. துண்டு இல்லை, மஞ்சப்பை இல்லை. முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். திரும்பி வந்து, தம்பியை டெஸ்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள் என்று ஃபோனில் பொய் சொன்னேன். பெரியசாமி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னையே பார்த்தார். “நெசமாச் சொல்லும்போது நீங்க முந்தானையை இப்படி முறுக்க மாட்டீங்களே, ஆஸ்பத்திரியம்மா.”

மிதக்குதா, முழுகுதா

டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். “நாய் வேலையை ஆரம்பிச்சிடுச்சு. இனிமே பெரியசாமிக்குச் சொந்தமா ரத்தம் ஊறாது. அறையில பெட்டி அடிக்கிறது தணிஞ்சதும் தம்பி மஜ்ஜை ஏறணும். ஏறலைன்னா அவரை வீட்டுக்கு அனுப்பறதுக்கு நமக்கு வழி கிடையாது” என்றார். நான் சின்னுசாமியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். படுபாவி, சம்மதம் சொல்லி, நம்ப வைத்து, அண்ணன் திரும்ப முடியாத இடத்துக்குப் போனபிறகு கைவிட்டுவிட்டானே! முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினானே, அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அடிவாரம்வரை பஸ், அங்கிருந்து ரஹீம் பாயின் ஜீப். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றிலும் என் குடல் ஒரு முறை புரண்டது, வாய் மட்டும் ஓயவில்லை. எல்லாம் அந்தப் பலாமரம்தான், அண்ணன் போய்விட்டால் வேரும் காயும் தனக்கென்று கணக்குப் போட்டிருக்கிறான் என்று பொரிந்து தள்ளினேன். மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் டீக்கடையில் விசாரித்தால், காலையில் சின்னுசாமி இறங்கி, நேரே ஊருக்குப் போய்க் கோயிலில் ஆட்களைக் கூட்டச் சொல்லியிருக்கிறார் என்றார்கள். பார்த்தீர்களா, பஞ்சாயத்து வைத்து மறுக்கப்போகிறான் என்று குதித்தேன். பாய் கியரை மாற்றியபடி சொன்னார்: “மரத்துக்காக அண்ணனைச் சாக விடறவன் ரத்தம் குடுக்கவே வந்திருக்க மாட்டான்மா. வேற என்னமோ இருக்கு. நல்ல மிளகா பொக்கு மிளகான்னு மேல பாத்துச் சொல்ல முடியாது, தண்ணியில போட்டாத்தான் மிதக்குதா முழுகுதான்னு தெரியும்.”

பூக் கேட்டல்

ஊர் அம்மன் கோயில் என்பது ஒரு பெரிய பாறை, அதன் முன்னால் மஞ்சள் பூசின கல். சின்னுசாமி ஈரத் துண்டோடு நின்றார். அவர் மனைவி மல்லிகா ஒரு பக்கம் அண்ணன்மாரோடு நின்றாள், முகம் அழுது வீங்கியிருந்தது. முதுகில் துளை போட்டு எலும்புச் சாறை உறிஞ்சிவிட்டால் ஆள் அப்புறம் மண்வெட்டி தூக்க மாட்டான் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மனிடம் கேட்காமல் கொடுத்தால் பிள்ளைகளோடு பிறந்த ஊருக்குப் போய்விடுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதற்குத்தான் இந்தப் பூக் கேட்டல். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் போகக் கூடாது. நான் பாய்ந்துபோய், மஜ்ஜை மறுபடி ஊறிவிடும், அங்கே ஒரு உயிர் காத்துக்கொண்டிருக்கிறது என்று கத்த ஆரம்பித்தேன். “செருப்பைக் கழட்டிப்போட்டுப் பேசுங்கம்மா” என்றார் பூசாரி.

அங்கே வழக்கம் இப்படி. கேட்கிறவர் தன் கையாலேயே வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாக வாழைச் சருகில் கட்டிக்கொண்டு வர வேண்டும். எது எதில் என்று பூசாரிக்குத் தெரியக் கூடாது. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும், கட்டினவர் கிட்டே வரக் கூடாது. ஒருத்தரை ஒருத்தர் நம்பாத ஏற்பாடு. மருந்துப் பரீட்சைகளில் டாக்டருக்கே தெரியாமல் மருந்தை மாற்றி வைப்பார்கள், ஏறக்குறைய அதே பந்தோபஸ்து. வேறு நாளாக இருந்தால் மெச்சியிருப்பேன். அன்று என் நெஞ்சு அடித்த அடி வரதன் பெட்டிகூட அடித்ததில்லை. கீழே ஒரு மனுஷன் ரத்தம் ஊறாமல் கிடக்கிறான், மேலே அவன் உயிர் ஒரு சருகுக்குள் இருக்கிறது. எனக்குப் பழக்கமில்லாத சாமியைக் கும்பிட்டேன். பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை. கூட்டம் குலவை போட்டது. மல்லிகா ஓவென்று அழுதாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே வீட்டுக்குப் போய் அவருக்கு வேட்டி சட்டை எடுத்து வந்து பையில் வைத்தாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடையில் விட்டுவிட வேண்டுமாம். சின்னுசாமி அதைச் சட்டென்று எடுத்து மடியில் செருகியதை நான் பார்த்துவிட்டேன். ஏன் செருகுகிறான்? கேட்க நாக்குத் துடித்தது, வருகிற ஆளைக் கேள்வி கேட்டுக் கெடுப்பானேன் என்று கடித்துக்கொண்டேன். ஜீப் கிளம்பும்போது மல்லிகா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். “அம்மனே போகச் சொல்லிட்டா, தடுக்க நான் யாருங்க? ஆனா ஒண்ணு, கூட்டிட்டுப் போன மாதிரியே திருப்பிக் குடுத்துப்போடோணும்.”

பெட்டி மலையேறியது

பெட்டி அடிப்பது தணிந்தது, மஜ்ஜை ஏறியது. அதற்கப்புறம் காய்ச்சலும் வாய்ப்புண்ணுமாகப் பெரியசாமி கிடந்த கிடை கொஞ்சமில்லை. ஒரு நாள் காலையில் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்து, புது ரத்தம் ஊற ஆரம்பித்துவிட்டது என்றார். நான் குழாயடிக்குப் போய் அழுதேன். பல மாதங்கள் கழித்து எலும்பைச் சோதித்தபோது கிழங்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. இனிமேல் வராது என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது, ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவர் போய் ஒரு வாரத்தில் பாப்பாத்தியிடமிருந்து சேதி வந்தது. கதிர் மருந்து ஏற்றின ஆளை ஊருக்குள் விடக் கூடாது என்று அவரைக் காட்டுச் சாளையில், ஒரு ஓலைக் குடிசையில், தனியாக வைத்திருக்கிறார்களாம். பிள்ளைகளைக் கிட்டே விடுவதில்லையாம். கதிர் எல்லாம் எப்போதோ போய்விட்டது என்று அவள் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

வரதனையும் பெட்டியையும் மலைக்கு ஏற்றினேன். ஊர் கூடியது. வெறும் காற்றிலேயே பெட்டி அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் என்றது. மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே கொஞ்சம் உண்டு என்றார் வரதன். யாரும் நம்பவில்லை. தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார், பெரியசாமி நெஞ்சில் வைத்துக் காட்டினார், இரண்டும் ஒரே அடி. பெட்டியை நீங்கள் எங்கேயோ அமுக்குகிறீர்கள் என்றது கூட்டம். வேண்டுமானால் நீங்களே எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள் என்று வரதன் பெட்டியைப் பூசாரி கையிலேயே கொடுத்துவிட்டார். பூசாரி அதை நேரே அம்மன் பாறையில் கொண்டுபோய் வைத்தார். டிக் டிக் டிக் என்று பெட்டி துரிதமாக அடித்தது. அந்தப் பாறையில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பூசாரி பெட்டியைப் பார்த்தார், பெரியசாமியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து ஒரே போடாகப் போட்டார்: “இவனுக்குக் குடுத்தது போதாதுன்னு, எங்க அம்மனுக்கும் எப்பம்மா ஊசி போட்டீங்க?”

இன்னொரு பொட்டலம்

அதே பெட்டிதான் காரியத்தையும் முடித்தது. அம்மனிடம் இருப்பதைவிட இவரிடம் குறைவு என்றால் இவரைத் தொட என்ன பயம் என்று மல்லிகா கூட்டத்தில் கேட்டாள். அன்று சாயங்காலமே பெரியசாமி சாளையிலிருந்து வீட்டுக்கு வந்தார். தம்பி முன்னால் போய் நின்றார். “சாப்டயா?” என்றார் அண்ணன். “ஆச்சு” என்றார் தம்பி. பாப்பாத்தி தம்பி பக்கத்துக் கிளையிலிருந்து ஒரு பலாப்பழத்தை இறக்கி, யார் பங்கு என்று சொல்லாமல், ஜீப்வரை தூக்கிப் போகச் சொல்லிக் கொழுந்தனார் தலையிலேயே ஏற்றினாள்.

வழியில் என் பழைய அரிப்பு தாங்கவில்லை. பழத்தைச் சுமந்து போகிற ஆளிடம் கேட்டேவிட்டேன், அன்றைக்கு மடியில் செருகின பொட்டலத்தில் என்ன பூ என்று. சின்னுசாமி நின்று முன்னும் பின்னும் பார்த்தார். வெள்ளைதான் என்றார். இரண்டிலும் வெள்ளையா? ஆமாம் என்றார். தருவதாக முதல் நாளே முடிவு செய்தாயிற்று, பிறகு எதற்கு ஐயா என்னை அந்த வளைவெல்லாம் ஏற வைத்தீர் என்று சண்டைக்குப் போனேன். அவர் பழத்தைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். “நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா எங்கூட்டுக்காரி அண்ணன் ஊட்டை ஏசக் கூடாதுங்க. அம்மன் சொன்னான்னா அவ யாரை ஏசுவா? அம்மனை நான் நம்புனேனுங்க. பூவைத்தான் நம்பலை.”

எல்லோரையும் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கின எனக்கு, ஒரு மனுஷன் நல்லவனாக இருப்பதற்காகவும் திருட்டு வேலை செய்வான் என்கிற சந்தேகம் மட்டும் கடைசிவரை வராமலே போய்விட்டது.